தூங்கும் சுற்றுச்சூழல் துறையை நீதிமன்றம் எழுப்ப முடியுமா? ஒரு பூச்சிமருந்தின் 14 ஆண்டு வழக்கு

கேள்வி இது: “சுற்றுச்சூழலைக் காக்கவென்றே சட்டம் போட்டு ஓர் அமைப்பை உருவாக்குகிறார்கள். அந்த அமைப்பு, கொடுத்த மனுவுக்குப் பதிலே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தால் நீதிமன்றம் என்ன செய்ய முடியும்? அமெரிக்காவில் இ.பி.ஏ. (அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) மீது இப்படி வழக்குப் போடுகிறார்களாமே, அதில் உண்மையில் ஏதாவது நடக்கிறதா?”

நடக்கிறது. ஆனால் வழக்குப் போட்டவர் மனதில் நினைத்தது அப்படியே நடப்பதில்லை. நீதிமன்றம் இ.பி.ஏ.வுக்கு ஒரு தேதி குறித்துக் கொடுக்கும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லாது. கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் அந்தத் தேதிக்கு எவ்வளவு பலம் உண்டு, அது எங்கே தீர்ந்துபோகிறது என்பதைத் தெரிந்துகொள்ள குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தின் வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதை வைத்தே சொல்கிறேன். அதற்கு முன் சட்டம் கொஞ்சம்.

அமெரிக்காவில் 1946-இல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. அதில் இரண்டு வரிகள் முக்கியம். தன் முன் வந்த விஷயத்தை ஓர் அரசு அமைப்பு நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது ஒன்று. சட்டவிரோதமாக நிறுத்தி வைத்த, அல்லது நியாயமில்லாமல் தாமதித்த செயலைச் செய்யும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாம் என்கிறது இன்னொன்று. நம் ஊரில் மாண்டமஸ் ரிட் என்று சொல்வோமே, அதேதான் அங்கேயும் ஆயுதம்.

இதில் சுலபமான வகை ஒன்று உண்டு. “இத்தனை தேதிக்குள் இதைச் செய்” என்று சட்டமே நாள் குறித்திருக்கும். அந்த நாள் தாண்டினால் குடிமக்கள் யாரும் இ.பி.ஏ. மேல் வழக்குப் போடலாம் என்று தூய காற்றுச் சட்டத்தில் 1970-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் வாதாட ஒன்றும் இருக்காது. தேதி தாண்டிவிட்டது என்று இ.பி.ஏ.வே ஒப்புக்கொள்ளும். புதுத் தேதி எது என்பதில்தான் பேரம். 2015-இல் காற்றில் ஓசோனுக்குப் புது வரம்பு, 70 பிபிபி (நூறு கோடியில் 70 பங்கு), வைத்தார்கள். எந்தெந்தப் பகுதி அதை மீறுகிறது என்ற பட்டியல் 2017 அக்டோபர் 1-க்குள் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மாநிலங்களும் அமைப்புகளும் வழக்குப் போட, கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி 2018 மார்ச்சில், ஏப்ரல் 30-க்குள் முடி என்றார். டெக்சாஸின் சான் அன்டோனியோ பகுதிக்கு மட்டும் கூடுதல் அவகாசம். இந்த மாதிரி வழக்குகள் செய்தியில்கூடப் பெரிதாக வராது. ஆனால் இ.பி.ஏ.வின் நாட்காட்டியில் பெரும் பகுதியை நிரப்புவது இவைதான்.

கஷ்டமான வகை இன்னொன்று: கடமை இருக்கிறது, தேதி இல்லை. “பரிசீலனையில் உள்ளது” என்று எத்தனை ஆண்டு சொல்லலாம்? இதற்கான அளவுகோல் வந்தது சுற்றுச்சூழல் வழக்கிலிருந்து அல்ல, தொலைபேசிக் கம்பெனி அதிகமாக வசூலித்த பணத்தைப் பற்றிய வழக்கிலிருந்து. 1984-இல் வாஷிங்டனில் உள்ள டி.சி. வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த அந்தத் தீர்ப்பை வழக்கறிஞர்கள் சுருக்கமாக ‘ட்ராக்’ என்பார்கள். ஆறு அம்சங்கள் சொல்கிறது. மூன்றை நினைவில் வைத்தால் போதும். பணம், வியாபாரம் பற்றிய விஷயத்தில் பொறுத்துக்கொள்ளும் தாமதத்தை மனித உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பொறுக்க முடியாது. அந்த அமைப்புக்கு வேறு என்னென்ன அவசர வேலைகள் இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது எனக்குப் பிடித்தது: தாமதம் நியாயமற்றது என்று சொல்ல, அதிகாரிகளுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததென்று நிரூபிக்கத் தேவையில்லை. ஒருவருமே தப்பு செய்யாமல், ஒவ்வொரு மேசையிலும் கோப்பு நியாயமான காரணத்துக்காகவே தங்கி, மொத்தத்தில் பத்து வருடம் ஓடிப்போயிருக்கலாம். சட்டத்தின் பார்வையில் அதுவும் தவறுதான்.

எத்தனை வருடம் என்றால் ‘தாமதம்’ என்று பலரும் கேட்பார்கள். எண் கிடையாது. ஸ்நேக் ஆற்றின் அணைகளால் மீன்கள் அழிவது பற்றிய ஒரு மனுவுக்கு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஆறு வருடம் வாயே திறக்கவில்லை. 2004-இல் அதே டி.சி. நீதிமன்றம், 45 நாளில் பதில் சொல் என்றது. வேறு வழக்குகளில் மூன்று வருடத் தாமதத்தை நீதிமன்றம் பொறுத்துக்கொண்டிருக்கிறது. விஷயத்தின் அவசரம், ஏற்கெனவே எத்தனை முறை வாக்குக் கொடுத்துத் தவறியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

சரி, குளோர்பைரிபாஸுக்கு வருவோம்.

நம் பக்கம் இது தெரியாத விவசாயி இருக்க மாட்டார். வீடு கட்டும்போது கரையானுக்கு அடிப்பதும் பெரும்பாலும் இதுதான். 1965-இல் டவ் கம்பெனி கொண்டுவந்த ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து. நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை, வேலை முடிந்ததும் உடைத்துப் போட ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியை இந்த மருந்து முடக்கிவிடும். நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி சாகும். மனித உடலிலும் அதே நொதிதான். அதனால் ரொம்ப காலம் இ.பி.ஏ. பார்த்த அளவுகோல் ஒன்றே ஒன்று: நொதி எவ்வளவு முடங்குகிறது? பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

2000-இல் வீட்டு உபயோகத்தை அமெரிக்காவில் படிப்படியாக நிறுத்தினார்கள். வயலுக்கு அடிப்பது தொடர்ந்தது. அப்புறம்தான் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு வந்தது. நியூயார்க்கின் அடுக்குமாடி வீடுகளில், கரப்பான் மருந்து அடித்த சூழலில் வாழ்ந்த கர்ப்பிணிகள். குழந்தை பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தில் குளோர்பைரிபாஸ் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். அளவு அதிகமாக இருந்த குழந்தைகளுக்கு மூன்று வயதில் வளர்ச்சி பின்தங்கியிருந்தது, 2011-இல் வந்த அடுத்த முடிவுப்படி ஏழு வயதில் நினைவாற்றல் சோதனையில் மதிப்பெண் குறைந்தது. அதாவது அந்தப் பத்து சதவீதக் கணக்குக்குச் சிக்காத சிறு அளவிலேயே கருவின் மூளைக்குப் பாதிப்பு இருக்கலாம்.

முதலில் வந்த முடிவுகளை வைத்து 2007 செப்டம்பரில் இரண்டு அமைப்புகள், வட அமெரிக்காவின் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கூட்டமைப்பும் இயற்கை வளப் பாதுகாப்பு மன்றமும், இ.பி.ஏ.விடம் மனுக் கொடுத்தன. உணவுப் பொருள்களில் குளோர்பைரிபாஸ் எச்சம் இவ்வளவு இருக்கலாம் என்று நீங்கள் வைத்திருக்கும் வரம்புகளையெல்லாம் ரத்து செய்யுங்கள் என்பது கோரிக்கை. வரம்பு ரத்தானால் எச்சம் துளி இருந்தாலும் அந்தப் பயிரை விற்க முடியாது. நடைமுறையில் அது தடைதான்.

இங்கே சட்டம் மனுதாரர் பக்கம் சாய்ந்திருந்தது. 1996-இல் வந்த உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டப்படி, “தீங்கு இல்லை என்பது நியாயமான அளவுக்கு நிச்சயம்” என்று இ.பி.ஏ. சொல்ல முடிந்தால்தான் எச்ச வரம்பை வைத்திருக்கவே முடியும். சந்தேகம் என்றால் எடுத்துவிட வேண்டும். “இன்னும் ஆராய்ச்சி முடியவில்லை” என்பது மற்ற சட்டங்களில் சும்மா இருப்பதற்குச் சாக்காகும். இந்தச் சட்டத்தில் ஆகாது.

ஆனால் மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. 2010-இல் மனுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 நவம்பருக்குள் பதில் சொல்கிறோம் என்று இ.பி.ஏ. சமரசம் பேசியது. சொல்லவில்லை. 2012-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் (மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றம்) மாண்டமஸ் கேட்டார்கள். இ.பி.ஏ. ஓர் அட்டவணையைக் காட்டியது. குறிப்பான திட்டம் இருக்கிறதே என்று சொல்லி 2013-இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அந்த அட்டவணையும் காற்றில் போனது. 2014-இல் மறுபடி வழக்கு.

இந்தத் தடவை இ.பி.ஏ. சொன்ன பதில்களைப் பாருங்கள். முதலில், மனுவை நிராகரிக்கப் போகிறோம் என்றது. பிறகு 2015 ஜூன் கடைசியில், இல்லை, வரம்புகளை ரத்து செய்யும் வரைவு விதி ஒன்றை 2016 ஏப்ரல் வாக்கில் வெளியிடலாம் என்று இருக்கிறோம், அதுவும் கம்பெனியோடு பேசிக்கொண்டிருப்பது முடிவாகாவிட்டால் என்றது. 2015 ஆகஸ்ட் 10-இல் நீதிமன்றத்துக்குப் பொறுமை போய்விட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மார்கரெட் மெக்யோன். செனட்டில் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்துவது மதிப்புக்குரிய மரபாக இருக்கலாம், மக்களின் உடல்நலத்தைக் காக்கவேண்டிய அமைப்பில் அதை யாரும் ரசிக்க மாட்டார்கள் என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். மனு கொடுத்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டு கழித்து, ‘ஒருவேளை ஒரு வரைவு வரலாம்’ என்கிற திட்டம் போதாது, காலமும் கடந்துவிட்டது என்றார். அக்டோபர் 31 கெடு: வரைவு விதி, இறுதி விதி, அல்லது முழுமையான நிராகரிப்பு, மூன்றில் ஒன்று.

இந்த ஆணையில் “மருந்தைத் தடை செய்” என்று எங்கேயும் இல்லை. “முடியாது” என்று சொல்லும் உரிமையை நீதிமன்றம் இ.பி.ஏ.விடமே விட்டுவைத்தது. கேட்டது ஒன்றுதான்: எதைச் சொன்னாலும் காரணத்தோடு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடு.

இது என்ன பெரிய வெற்றி என்று தோன்றும். அமெரிக்கச் சட்டத்தில் மௌனத்தின் மேல் மேல்முறையீடு செய்ய முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். எழுத்தில் “இல்லை” வந்துவிட்டால் அதற்குச் சொன்ன காரணம் சரியா, ஆதாரம் இருக்கிறதா, சட்டம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார்களா என்று நீதிமன்றம் அலச முடியும். மௌனத்தை எப்படி அலசுவது? தாமத வழக்கில் ஜெயித்தவர் வாங்கிக்கொண்டு போவது அடுத்த வழக்கைப் போடும் உரிமையைத்தான். இந்த வழக்குகளை நடத்தும் அமைப்புகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, அக்டோபர் 30-இல், எல்லா வரம்புகளையும் ரத்து செய்யும் வரைவை இ.பி.ஏ. வெளியிட்டது. எட்டு வருடம் முடியாதது எண்பத்தோரு நாளில் முடிந்தது. இறுதி விதிக்கு 2016 டிசம்பர் 30 என்று நீதிமன்றம் நாள் குறித்தது. இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் தருகிறோம், 2017 மார்ச் 31, இனி நீட்டிப்பு இல்லை என்றது நீதிமன்றம். அந்த இடைவெளியில், 2016 நவம்பரில், இ.பி.ஏ.வின் சொந்த விஞ்ஞானிகள் புது மதிப்பீடு ஒன்றை வெளியிட்டார்கள். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் உணவின் வழியாக மட்டுமே உட்கொள்ளும் அளவு பாதுகாப்பான அளவைப்போல் 140 மடங்கு என்றது அது.

ஆனால் அதே நவம்பரில் தேர்தலும் நடந்தது. ஆட்சி மாறி, ஸ்காட் ப்ரூயிட் இ.பி.ஏ.வின் தலைவரானார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 29-இல், கையெழுத்துப் போட்டார், மனுவை நிராகரித்து. நரம்பு வளர்ச்சி பற்றிய அறிவியல் இன்னும் முடிவாகவில்லையாம், 2022 அக்டோபருக்குள் முடிய வேண்டிய பதிவு மறுஆய்வில் (மருந்தின் அனுமதியை மறுபடி பரிசீலிக்கும் வழக்கமான வேலை) பார்த்துக்கொள்ளலாமாம். மருந்து பாதுகாப்பானது என்று அந்த உத்தரவில் சொல்லவில்லை.

இங்கே குறித்த தேதி நம்மையே குத்துகிறது. மூன்று மாத நீட்டிப்பு கொடுக்காமல் டிசம்பர் 30-லேயே நீதிமன்றம் நின்றிருந்தால் பழைய நிர்வாகமே கையெழுத்துப் போட்டிருக்கும் என்று வாதிடலாம். ஆறு மாதம் கேட்டவர்களுக்கு மூன்று மாதம் கொடுப்பது சாதாரண காலத்தில் நியாயமான நடுவழி. ஆனால் தேர்தல் வருடத்தில் மூன்று மாதம் என்பது வேறு கணக்கு. நீதிபதிகள் அதையெல்லாம் பார்க்கக் கூடாது என்பதும் சரிதான். இருந்தாலும் இந்தத் துறையில் நீட்டிப்பு ஒருபோதும் இலவசமாகக் கிடைப்பதில்லை, யாரோ அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

நிராகரிப்பு வந்ததும் மனுதாரர்கள் நீதிமன்றத்துக்கு ஓடியிருக்க வேண்டும். அங்கே ஒரு பொறி இருந்தது. உணவு மருந்துச் சட்டப்படி, எச்ச வரம்பு பற்றிய முடிவில் அதிருப்தி என்றால் முதலில் இ.பி.ஏ.விடமே ஆட்சேபணை கொடுக்க வேண்டும். அதற்கு இ.பி.ஏ. பதில் சொன்ன பிறகுதான் நீதிமன்றம். அந்தப் பதிலுக்குக் கெடு? இயன்றவரை சீக்கிரம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. 2017 ஜூனில் ஆட்சேபணை கொடுத்தார்கள், மறுபடி மௌனம். மூடிய கதவை நீதிமன்றம் உடைத்துத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு.

2018 ஆகஸ்டில் மூவர் அமர்வு ஒன்று, ஆட்சேபணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, 60 நாளில் வரம்புகளை ரத்து செய் என்று நேரடியாகவே ஆணையிட்டது. தாமத வழக்கு மரபிலிருந்து விலகிய ஆணை இது. தேதி மட்டுமில்லாமல் பதிலையும் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால்தானோ என்னவோ நிற்கவில்லை. அதே நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதிகள் கொண்ட விரிவான அமர்வு அதை மறுபடி எடுத்து, 2019 ஏப்ரலில் பழைய பாதைக்கே வந்தது: 90 நாளில் ஆட்சேபணைக்குப் பதில் சொல். ஜூலையில் பதில் வந்தது. நிராகரிப்பு.

இப்போது கையில் முழுமையான, இறுதியான ஒரு “இல்லை”. 2021 ஏப்ரல் 29-இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைக் கிழித்துப் போட்டது. தீர்ப்பை எழுதியவர் ஜெட் ரேக்காஃப். நியூயார்க் மாவட்ட நீதிபதி, தற்காலிகமாக அந்த அமர்வில் உட்கார்ந்தவர். அவர் வாதம் எளிமையானது. பத்து வருடத்துக்கு மேல் நீங்களே ஆதாரம் சேர்த்தீர்கள். தீங்கு இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று நீங்களே பலமுறை சொன்னீர்கள். அப்படியானால் சட்டப்படி வரம்பை வைத்திருக்க முடியாது. 60 நாளில் ரத்து செய்யுங்கள், அல்லது பாதுகாப்பானது என்று காட்டக்கூடிய அளவுக்கு மாற்றுங்கள். 2021 ஆகஸ்டில் இ.பி.ஏ. எல்லா வரம்புகளையும் ரத்து செய்தது. 2022 பிப்ரவரி 28 முதல் அமல். மனு கொடுத்து 14 வருடம்.

இதற்குள் வெளியுலகம் முன்னே போயிருந்தது. ஹவாய் 2018-லேயே தடைச் சட்டம் போட்டது. கலிஃபோர்னியாவில் 2020 இறுதியோடு ஏறக்குறைய எல்லாப் பயன்பாடும் நின்றது. டவ்விலிருந்து பிரிந்த கார்ட்டேவா, விற்பனை குறைந்துவிட்டதென்று உற்பத்தியையே நிறுத்துவதாக 2020 பிப்ரவரியில் அறிவித்தது. நீதிமன்றத்தில் வழக்கு உயிரோடு இருந்ததும், அதில் இ.பி.ஏ.வின் சொந்த ஆவணங்கள் வெளிச்சத்துக்கு வந்ததும் இதற்கெல்லாம் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் (சுகர் பீட்) பயிரிடும் விவசாயிகள், அந்தப் பகுதிக்கான எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். 2020 டிசம்பரில் இ.பி.ஏ.வே ஓர் உத்தேச முடிவில், 11 பயிர்களுக்குக் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் பயன்பாட்டை வைத்துக்கொண்டால் பாதுகாப்பாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தது. அந்த வழியைச் சரியாகப் பரிசீலிக்காமல் ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது ஏன் என்று கேட்டு, 2023 நவம்பர் 2-இல் அந்த நீதிமன்றம் 2021 விதியை நீக்கியது. வரம்புகள் உயிர்பெற்று வந்தன.

கெடு வைத்து விரட்டுவதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் எனக்குப் பலமாகத் தெரிவது இதுதான். அவசரத்தில் எழுதிய முடிவு அடுத்த நீதிமன்றத்தில் உடையும். மாற்று வழியும் உண்டு என்று ஒன்பதாம் வட்டாரம் சொல்லியிருந்தது. 60 நாளில் அந்த வழியைக் கணக்குப் போட்டு எழுத இ.பி.ஏ.வால் முடியவில்லை, அல்லது முயலவில்லை. ஆனால் 60 நாள் நெருக்கடி எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தைய 13 வருட வீணடிப்பிலிருந்து. தாமதத்தை உண்டாக்கியவரே, கடைசியில் நேரம் போதவில்லை என்று சொல்வதை அரைமனதோடுதான் கேட்க முடியும்.

2024 டிசம்பரில் இ.பி.ஏ. புது வரைவு வெளியிட்டது: அந்த 11 பயிர்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வரம்பு ரத்து. பட்டியலில் ஆப்பிள், ஆரஞ்சு வகைகள், ஸ்ட்ராபெரி, சோயா, பருத்தி, கோதுமை, சுகர் பீட் எல்லாம் உண்டு. சர்வதேச அளவில், நீடித்த கரிம மாசுப்பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் ஒழிக்கவேண்டிய பொருள்கள் பட்டியலில் 2025-இல் குளோர்பைரிபாஸ் சேர்ந்தது, சில விலக்குகளோடு.

இதை மட்டும் படித்தால் மனம் நொந்துபோவீர்கள். அதனால் தேதி நன்றாக வேலை செய்த வழக்கு ஒன்றையும் சொல்கிறேன். பழைய வீடுகளின் சுவர்ப் பெயிண்டிலிருந்து உதிரும் ஈயத்தூசு. தரையில் ஒரு சதுர அடிக்கு 40 மைக்ரோகிராம் வரை, ஜன்னல் விளிம்பில் 250 வரை ஆபத்தில்லை என்று 2001-இல் இ.பி.ஏ. வைத்திருந்தது. குழந்தைகளின் மூளைக்கு இது மிக அதிகம் என்று 2009-இல் மனு. இ.பி.ஏ. அதே வருடம் மனுவை ‘ஏற்றுக்கொண்டது’. ஏற்றுக்கொண்டு கிடப்பில் போட்டது. வழக்கு வந்தபோது, தலைப்பை எடுத்து வேலை தொடங்குகிறோம் என்றுதான் ஒப்புக்கொண்டோம், முடிக்கிறோம் என்று சொல்லவில்லையே என்று வாதிட்டது. இன்னும் ஆறு வருடம் கேட்டது. 2017 டிசம்பரில் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம், மனுவை ஏற்றுக்கொண்டவர் அதை முடிக்கவும் கடமைப்பட்டவர் என்று சொல்லி, 90 நாளில் வரைவு, அதிலிருந்து ஒரு வருடத்தில் இறுதி விதி என்றது. 2019 ஜூனில் விதி வந்தது: தரைக்கு 10, விளிம்புக்கு 100. போதாது என்று மனுதாரர் மறுபடி வழக்குப் போட்டார்கள். ஆபத்து எது என்பதை உடல்நலத்தை மட்டும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும், நடைமுறைச் சிரமத்தைக் கலக்கக் கூடாது என்று 2021-இல் தீர்ப்பு. 2024 அக்டோபரில் புது விதி: ஆய்வகம் அளந்து சொல்லக்கூடிய எந்த அளவு ஈயத்தூசு இருந்தாலும் அது ஆபத்துதான், சுத்தம் செய்த பிறகு தரையில் 5-க்குக் கீழும் விளிம்பில் 40-க்குக் கீழும் இருக்க வேண்டும்.

இங்கேயும் அதே இரண்டு படிகள். முதல் வழக்கு ஒரு முடிவை வாங்கித் தந்தது, இரண்டாவது அந்த முடிவைத் திருத்தியது. குளோர்பைரிபாஸில் சறுக்கியதற்குக் காரணம் நடுவில் இருந்த அந்த ஆட்சேபணைப் படியும், முடிவு எழுதப்பட்ட விதமும்.

நீதிமன்றம் வைத்த தேதியையும் மீறினால் என்ன? கோட்பாட்டில் நீதிமன்ற அவமதிப்பு. நடைமுறையில் அந்த நிலைக்குப் போவது அபூர்வம். கெடு நெருங்கும்போது இ.பி.ஏ. நீட்டிப்புக் கேட்டு மனுப் போடும், நீதிமன்றம் வழக்கை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு அவ்வப்போது நிலவர அறிக்கை கேட்கும். இந்த நிலவர அறிக்கை சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் மேல்மட்ட அதிகாரி ஒருவர், ‘இதைச் செய்யவில்லை, ஏனென்றால் இது காரணம்’ என்று கையெழுத்திட்டு எழுத வேண்டியிருக்கிறது. குளோர்பைரிபாஸில் இ.பி.ஏ.வின் தடுமாற்றம் அம்பலமானதே அந்த அறிக்கைகளில்தான்.

எல்லாச் சோம்பலுக்கும் இந்த மருந்து கிடையாது. 2004-இல் உச்ச நீதிமன்றம் யூட்டா மாநிலத்தின் காட்டுநிலங்கள் பற்றிய வழக்கில் ஒரு கோடு போட்டது: தனியாகப் பிரித்துக் காட்டக்கூடிய ஒரு செயல், அதையும் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாம். “காடுகளைச் சரியாக நிர்வகிக்கவில்லை”, “ஆற்றைக் கவனிக்கவில்லை” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் நிற்காது. நம் உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில், தமிழ்நாட்டுக்கென்று தனி ஆணையத்தையே மத்திய அரசு அமைக்க வேண்டும் என்று கெடு வைத்து உத்தரவிட்டதே, அந்த மாதிரி வழக்கைத் தன் கையில் எடுத்து நடத்தும் பழக்கம் அமெரிக்க நீதிபதிகளுக்கு இல்லை. அங்கே வழக்குப் போடுபவர், இந்தச் சட்டத்தின் இந்தப் பிரிவு, இந்த மனு, இந்தத் தேதியில் கொடுத்தேன், இன்னும் பதில் இல்லை என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ள அமைப்புகள் வழக்குக்கு முன் பல மாதம் செலவழித்து மனுவை எழுதுகின்றன: எந்தக் கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே பதில் சொல்ல முடியுமோ, அதை மட்டும் கேட்டு.